தேர்தலும் அதிகாரமும்: டோக்கியோ வட்டத் தலைவர் பதவியின் முக்கால் நூற்றாண்டு

1. கேள்வி

டோக்கியோ மாநகரத்துக்கு மேயர் கிடையாது. போர் உச்சத்தில் இருந்த 1943 ஜூலை 1 அன்று டோக்கியோ மாநகராட்சியும் டோக்கியோ மாகாணமும் இணைக்கப்பட்டுப் பெருநகர அரசு என்ற புதிய அமைப்பு உருவானது. மேயர் பதவி அன்றோடு ஒழிந்தது. இன்று பெருநகரம் முழுமைக்கும் பொறுப்பானவர் ஆளுநர். இந்திய மாநில ஆளுநரைப் போல நியமனத்தால் வருபவரல்ல இவர்; மக்கள் வாக்கில் வருபவர். பழைய மாநகராட்சிப் பரப்பில் 23 சிறப்பு வட்டங்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனி மன்றமும் தனித் தலைவரும் உண்டு. தலைவரை மக்கள் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்த 23 வட்டங்களில் வாழ்பவர்கள் 97 லட்சம் பேர். செட்டகாயா வட்டத்தில் மட்டும் 9.4 லட்சம் பேர். அரண்மனையும் நாடாளுமன்றமும் இருக்கும் சியோடாவில் 67 ஆயிரம் பேர்கூட இல்லை. அளவில் இத்தனை வேறுபாடு இருந்தும் சட்டத்தின் முன் இரண்டும் ஒரே நிலையில் உள்ளவை.

வட்டத் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பதால் நகர வாழ்வில் என்ன மாறுகிறது? இதை ஆராய டோக்கியோவை விடப் பொருத்தமான களம் அரிது. 1947இல் இங்கே நேரடித் தேர்தல் வந்தது, 1952இல் பறிக்கப்பட்டது, 1975இல் திரும்பக் கிடைத்தது. அதே நகரம், அதே வட்டங்கள், இடையில் தேர்தலே இல்லாத 23 ஆண்டுகள். தேர்தல் இருந்த காலத்தையும் இல்லாத காலத்தையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிகிறது.

2. நிலவும் இரு விளக்கங்கள்

இதுபற்றி நெடுங்காலமாக இரண்டு பார்வைகள் உள்ளன. முதலாவது, நிர்வாக ஒருமைப் பார்வை. பெருநகரம் பிரிக்க முடியாத ஓர் உடல். குடிநீர், கழிவுநீர், தீயணைப்பு ஆகியவை வட்ட எல்லைகளில் நின்றுவிடுவதில்லை. ஒவ்வொரு வட்டத்துக்கும் தனித் தலைவர் இருந்தால் இழுபறிதான் மிஞ்சும் என்பது இதன் வாதம். இரண்டாவது, தன்னாட்சிப் பார்வை. பள்ளி, குழந்தைகள் காப்பகம், முதியோர் பராமரிப்பு, தெருவோரப் பூங்கா போன்றவை அன்றாட வாழ்வின் அடிப்படை. அவற்றை நிர்வகிப்பவர் அப்பகுதி மக்களுக்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும் என்கிறது இது.

இரு தரப்பும் பொதுவாக ஏற்றுக்கொள்ளும் ஓர் அனுமானம் உண்டு. முதலில் அதிகாரம், பிறகு தேர்தல் என்பதே அது. ஓர் அமைப்புக்குப் போதிய அதிகாரம் இருந்தால்தான் அதன் தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் பொருள் உண்டு என்று இருவருமே எண்ணுகிறார்கள். டோக்கியோவின் வரலாறு இந்த வரிசையைப் பெரிதும் திருப்பிப் போடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். தேர்தல் கேட்டு எழுந்த போராட்டமும் தேர்தலில் வந்த தலைவர்களும்தான் வட்டங்களின் அதிகாரத்தை வளர்த்தார்கள். இதற்கு எதிரான சான்றுகளும் உள்ளன. அவையும் கீழே எடைபோடப்படுகின்றன.

3. வந்ததும் போனதும்: 1947–1952

போருக்குப் பின், அமெரிக்கப் படைகளின் ஆக்கிரமிப்புக் காலத்தில், ஜப்பானின் உள்ளாட்சி புதிதாக வார்க்கப்பட்டது. 1947 மார்ச்சில் 35 வட்டங்கள் 22 ஆகச் சுருக்கப்பட்டன. ஆகஸ்டில் இட்டபாஷியிலிருந்து நெரிமா பிரிந்ததும் எண்ணிக்கை 23 ஆனது. இடையில் ஏப்ரல் 5 அன்று ஆளுநரோடு சேர்த்து வட்டத் தலைவர்களையும் மக்கள் முதன்முறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். மே 3 அன்று புதிய அரசியலமைப்பும் உள்ளாட்சித் தன்னாட்சிச் சட்டமும் ஒரே நாளில் நடைமுறைக்கு வந்தன. அரசியலமைப்பின் 93ஆம் பிரிவு, உள்ளாட்சி அமைப்புகளின் தலைவர்கள் மக்களின் நேரடி வாக்கில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்கிறது.

தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள் வரி வருவாயும் பணிப் பொறுப்புகளும் கேட்டார்கள். பெருநகர அரசு விட்டுக்கொடுக்கவில்லை. 1952இல் ஆக்கிரமிப்பு முடிந்தது. அதே ஆண்டு சட்டத் திருத்தம் வந்தது. இனி வட்ட மன்றம் ஆளுநரின் ஒப்புதலோடு தலைவரைத் தெரிவு செய்யும் என்றானது. பெருநகரத்தின் ஒருமையும் நிர்வாகத் திறனுமே காரணங்களாகச் சொல்லப்பட்டன.

4. 1963 தீர்ப்பு: அதிகாரம் இல்லாதவருக்கு உரிமையும் இல்லை

தலைவரை முடிவு செய்பவர்கள் லட்சக்கணக்கான வாக்காளர்களிலிருந்து சில பத்து மன்ற உறுப்பினர்களாகச் சுருங்கினால் என்ன நேரும்? 1957இல் ஷிபுயா வட்டத்தில் நடந்தது ஒரு விடை. தலைவர் தெரிவின்போது மன்ற உறுப்பினர்களிடையே பணம் கைமாறியதாக வழக்குத் தொடரப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் எதிர்பாராத ஒரு வாதத்தை முன்வைத்தார்கள். நேரடித் தேர்தலை ஒழித்த சட்டமே அரசியலமைப்புக்கு முரணானது; எனவே தலைவரைத் தெரிவு செய்யும் பணியே சட்டப்படி மன்றத்துக்குக் கிடையாது; இல்லாத பணிக்காக லஞ்சம் வாங்கியதாக எப்படிச் சொல்ல முடியும் என்றார்கள். 1962 பிப்ரவரியில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் இதை ஏற்று அவர்களை விடுவித்தது.

1963 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றத்தின் முழு அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அரசியலமைப்பு கூறும் உள்ளாட்சி அமைப்பு என்றால் அதன் மக்களிடையே நெருங்கிய பொருளாதார, பண்பாட்டுக் கூட்டு வாழ்வும் சமூக உணர்வும் இருக்க வேண்டும்; சட்டமியற்றல், நிர்வாகம், நிதி ஆகியவற்றில் கணிசமான சுய அதிகாரம் வரலாற்றிலும் நடைமுறையிலும் இருந்திருக்க வேண்டும். சிறப்பு வட்டங்கள் இந்த அளவுகோலை எட்டவில்லை. ஆகவே நேரடித் தேர்தலை நீக்கியது செல்லும் என்றது நீதிமன்றம்.

இந்தத் தர்க்கத்தில் ஒரு சுழல் இருக்கிறது. வட்டங்களுக்கு அதிகாரம் இல்லாதது இயற்கையின் ஏற்பாடு அன்று. நாடாளுமன்றமும் பெருநகர அரசும் அதிகாரத்தைக் கொடுக்காமல் வைத்திருந்தன. கொடுக்காததையே காரணமாகக் காட்டி உரிமையையும் மறுத்தால், எந்த உள்ளாட்சியின் உரிமையையும் சாதாரணச் சட்டத்தால் கரைத்துவிடலாம். முதலில் அதிகாரத்தைக் குறைக்க வேண்டும். பிறகு குறைந்துவிட்டது என்று சொல்லித் தேர்தலை நீக்க வேண்டும். அரசியலமைப்பு ஆய்வாளர்களும் இந்தத் தீர்ப்பை இதே கோணத்தில் விமர்சித்திருக்கிறார்கள். ஆனாலும் தீர்ப்பு இன்றுவரை மாற்றப்படவில்லை.

5. ஓர் எதிர்ச்சான்று: குப்பைப் போர்

தேர்தல் இல்லாத ஆண்டுகளில் வட்டத் தலைவர்கள் வாய் திறக்காமல் இருந்தார்கள் என்று முடிவு கட்டுவது தவறாகும். 1970களின் தொடக்கத்தில் டோக்கியோவின் குப்பையில் பெரும்பகுதி கடற்கரையோரக் கோத்தோ வட்டத்தில் கொட்டப்பட்டது. நாள்தோறும் ஆயிரக்கணக்கான லாரிகள் அந்த வட்டத்தின் தெருக்கள் வழியே போயின. நாற்றம், ஈ, வழியெங்கும் சிந்தும் கழிவு. மேற்கே வசதி மிகுந்த சுகினாமியில், தகாயிதோ என்ற இடத்தில் எரியுலை அமைக்கும் திட்டத்தை அங்குள்ளவர்கள் எதிர்த்துவந்தார்கள். 1971 செப்டம்பரில் ஆளுநர் மினோபே ர்யோகிச்சி குப்பைப் போரை அறிவித்தார்.

கோத்தோ தலைவர் கொமத்சுசாகி குன்ஜி மன்ற உறுப்பினர்களோடு தெருவில் இறங்கினார். 1972 டிசம்பரிலும் 1973 மேயிலும் சுகினாமியிலிருந்து வந்த குப்பை லாரிகளைத் தடுத்துத் திருப்பி அனுப்பினார். ஒவ்வொரு வட்டமும் தன் குப்பையைத் தானே கையாள வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. 1974இல் சுகினாமியில் சமரசம் ஏற்பட்டது. 1982இல் தகாயிதோ எரியுலை எழுந்தது.

கொமத்சுசாகி நேரடித் தேர்தலில் வந்தவரல்ல. எனவே மக்கள் பக்கம் நிற்கத் தேர்தல் கட்டாயமில்லை என்று ஒருவர் வாதிடலாம். அந்த வாதத்தில் வலு உண்டு. ஆனால் அவர் கையில் இருந்த கருவி எது என்பதையும் பார்க்க வேண்டும். குப்பை அள்ளுவதோ, எரியுலை அமைப்பதோ, வழித்தடத்தை மாற்றுவதோ அன்று வட்டத்தின் பொறுப்பில் இல்லை. வட்ட அலுவலகத்தில் பணியாற்றியவர்களில் பெரும்பாலோர் பெருநகர அரசிடமிருந்து அனுப்பப்பட்டவர்கள். சாலையை மறிப்பதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

6. திரும்பப் பெற்ற வாக்கு

மன்றத்தில் ஒத்த கருத்து ஏற்படாமல் சில வட்டங்களில் தலைவர் நாற்காலி நீண்ட காலம் காலியாகக் கிடந்தது. 1967இல் நெரிமா மக்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். சட்டப்படி தெரிவு செய்வது மன்றம்தான். அதற்கு முன் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, அதில் முதலில் வருபவரை மன்றம் தெரிவு செய்யட்டும் என்றார்கள். வட்ட அளவிலான ஒரு விதிமுறையால் இதைச் செய்துவிடலாம் என்பது அவர்கள் வாதம். அதற்காகக் கையெழுத்து இயக்கம் தொடங்கினார்கள்.

இந்த வழியை முதலில் நடத்திக் காட்டியது ஷினகவா. 1972 நவம்பர் 12 அன்று அங்கே தலைவர் பதவிக்கு மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. அதன்வழி தலைவரான தகா எய்தாரோ 1987 வரை பதவியில் இருந்தார். கோரிக்கை பிற வட்டங்களுக்கும் பரவியது. 1974இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 1975 ஏப்ரல் 27 அன்று வட்டத் தலைவர் தேர்தல்கள் மீண்டும் நடந்தன.

அந்தத் திருத்தம் வாக்குரிமையோடு நிற்கவில்லை. பெருநகர ஊழியர்களை வட்டங்களுக்கு அனுப்பும் முறை ஒழிந்தது. வட்டங்கள் தங்கள் ஊழியர்களைத் தாங்களே நியமித்துக்கொண்டன. சுகாதார நிலையங்களும் வட்டங்களுக்கு வந்தன. இங்கே ஒரு நுணுக்கத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். தேர்தலும் அதிகாரமும் ஒரே திருத்தத்தில் வந்ததால் எது காரணம், எது விளைவு என்று அந்த ஒரு நிகழ்வை மட்டும் வைத்துத் தீர்ப்பிட முடியாது. நலவாழ்வு அலுவலகங்கள் 1965லேயே, தேர்தல் இல்லாத காலத்தில், வட்டங்களிடம் ஒப்படைக்கப்பட்டதும் உண்மை.

ஆனால் 1975க்குப் பிந்தைய கால் நூற்றாண்டு ஐயத்துக்கு அதிக இடம் வைக்கவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட 23 தலைவர்கள் ஒரே குரலில் பேரம் பேசினார்கள். சீர்திருத்தத்தின் திசை குறித்து 1986இல் பெருநகர அரசுக்கும் வட்டங்களுக்கும் உடன்பாடு ஏற்பட்டது. 1998இல் சட்டம் திருத்தப்பட்டது. 2000 ஏப்ரல் 1 முதல் சிறப்பு வட்டங்கள் அடிப்படை உள்ளாட்சி அமைப்புகள் என்று சட்டத்திலேயே எழுதப்பட்டது. குப்பை அள்ளும் பணி அன்று வட்டங்களின் கைக்கு வந்தது. எரியுலைகளை 23 வட்டங்களும் சேர்ந்த கூட்டமைப்பு நடத்துகிறது. இறுதியாகக் கொட்டும் இடம் மட்டும் பெருநகர அரசிடம் இருக்கிறது. கொமத்சுசாகி தெருவில் நின்று கேட்டதைப் பின்வந்தவர்கள் பேச்சுவார்த்தை மேசையில் பெற்றார்கள்.

7. வாக்கு எதைச் செய்தது: மூன்று சான்றுகள்

முதலாவது, ஒருபால் இணையர் அங்கீகாரம். 2015 மார்ச்சில் ஷிபுயா மன்றம் இதற்கான விதிமுறையை நிறைவேற்றியது. செட்டகாயா தலைவர் ஹொசாகா நொபுத்தோ மன்ற விதிமுறைக்குக் காத்திராமல் நிர்வாக வழிகாட்டுதல் மூலம் அதே திசையில் நடந்தார். 2015 நவம்பர் 5 அன்று இரு வட்டங்களும் சான்றிதழ் வழங்கத் தொடங்கின. ஜப்பானில் இதுவே முதல்முறை. பெருநகர அரசு இந்த முறைக்கு வந்து சேர்ந்தது 2022 நவம்பரில். நாடு தழுவிய சட்டமோ இல்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான உள்ளாட்சிகள் இந்த இரு வட்டங்களையும் பின்பற்றின.

இரண்டாவது, குழந்தைப் பாதுகாப்பு. வன்முறைக்கு ஆளான குழந்தைகளை மீட்டுக் காக்கும் மையங்கள் பெருநகர அரசிடமே இருந்தன. பள்ளியும் சுகாதார நிலையமும் வட்டத்திடம், மீட்கும் அதிகாரம் வேறிடத்தில் என்ற பிளவால் குழந்தைகள் கவனிப்பிலிருந்து நழுவுகிறார்கள் என்று வட்டத் தலைவர்கள் வலியுறுத்திவந்தார்கள். 2016இல் குழந்தைகள் நலச் சட்டம் திருத்தப்பட்டு வட்டங்களுக்கும் இந்த மையங்களை அமைக்கும் வாய்ப்புக் கிடைத்தது. 2020 ஏப்ரலில் செட்டகாயாவும் எடோகவாவும், ஜூலையில் அரகவாவும் சொந்த மையங்களைத் திறந்தன.

மூன்றாவது, பள்ளி மதிய உணவு. ஜப்பானில் இதற்குப் பெற்றோர் கட்டணம் செலுத்துவது நெடுநாள் வழக்கமாக இருந்துவந்தது. 2023 ஏப்ரல் முதல் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் முழுமையாக இலவச உணவு என்று 23 வட்டங்களில் முதலில் அறிவித்தது கத்சுஷிகா. பக்கத்து வட்டத்தில் இலவசம், நம் வட்டத்தில் ஏன் இல்லை என்ற கேள்வி 2023 தேர்தல்களில் எழுந்தது. வட்டம் வட்டமாக இலவசம் பரவியது. 2024இல் பெருநகர அரசே செலவில் பாதியை ஏற்க முன்வந்தது.

முதல் சான்றிலும் மூன்றாம் சான்றிலும் ஒரே போக்கு தெரிகிறது. ஒரு வட்டம் முதலில் துணிகிறது; அண்டை வட்டங்களின் வாக்காளர்கள் அதைச் சுட்டிக்காட்டுகிறார்கள்; கடைசியில் மேல் அரசு அசைகிறது. நியமனத் தலைவருக்கு முதல் அடி எடுத்து வைக்கத் தூண்டுதல் குறைவு. அவர் மகிழ்விக்க வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

8. சுகினாமி 2022: அருகிலிருந்து

இந்தத் தேர்தல் எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்கச் சுகினாமி நல்ல இடம். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 5.9 லட்சம். சிறுவர் மையங்களை மூடும் கொள்கையும், மேற்கு ஒகிகுபோ நிலையப் பகுதியில் சாலையை அகலப்படுத்தும் திட்டமும் மக்களிடையே மனக்குறையாக வளர்ந்திருந்தன. தனித்தனியே போராடிய குழுக்கள் ஒன்றுகூடி ஒரு பொது வேட்பாளரைத் தேடின. கிடைத்தவர் கிஷிமோத்தோ சத்தோகோ. ஐரோப்பாவில் நெடுங்காலம் வாழ்ந்து, ஆம்ஸ்டர்டாமில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனத்தில் தண்ணீர் உள்ளிட்ட பொதுச் சேவைகளைத் தனியாரிடமிருந்து மீட்பது பற்றி ஆய்வு செய்தவர். வாக்களிக்க மூன்று மாதம் அந்த வட்டத்தில் வசித்திருக்க வேண்டும். தலைவர் பதவிக்குப் போட்டியிட அந்த நிபந்தனை இல்லை. வாக்குப்பதிவுக்குச் சில மாதங்கள் முன்புதான் அவர் நாடு திரும்பினார்.

சட்டப்படி பிரசாரக் காலம் ஏழே நாள். அதற்கு முன்பே வட்டத்தின் ரயில் நிலைய வாசல்களில் ஒற்றை ஆட்கள் நின்றார்கள். ஒலிபெருக்கி வண்டி இல்லை, கூட்டம் இல்லை. ஒருவர், அவர் கையில் ஒரு பதாகை, வீடு திரும்பும் பயணிகளின் எதிரே மௌனமாகவோ பேசிக்கொண்டோ நிற்பார். "தனியாள் தெருப் பிரசாரம்" என்று பெயர் பெற்ற இம்முறை பின்னர் வேறு ஊர்களுக்கும் பரவியது. ஜப்பானிய வாக்குச் சீட்டில் பொதுவாகச் சின்னம் இல்லை, அச்சிட்ட பெயர்ப் பட்டியலும் இல்லை. வாக்காளர் பென்சிலை எடுத்து வேட்பாளரின் பெயரைத் தன் கையாலேயே எழுத வேண்டும். அதுவரை யாரும் அறியாத ஒருவரின் பெயரைப் பல்லாயிரம் பேர் மனத்தில் பதியவைப்பதே பெரும் வேலை.

ஜூன் 19 வாக்குப்பதிவில் கிஷிமோத்தோ 76,743 வாக்குகள் பெற்றார். மூன்று முறை தலைவராக இருந்த தனகா ர்யோ பெற்றவை 76,556. வித்தியாசம் 187. சுகினாமியின் முதல் பெண் தலைவர் ஆனார் கிஷிமோத்தோ. 2023 ஏப்ரலில் நடந்த மன்றத் தேர்தலில் வாக்குப்பதிவு உயர்ந்தது. 48 இடங்களில் பாதியைப் பெண்கள் வென்றார்கள்.

வெற்றி எல்லாவற்றையும் மாற்றிவிடவில்லை. பெருநகரச் சாலை வலையமைப்பின் திட்டங்கள் ஒரு தலைவரின் கையெழுத்தில் மறைந்துவிடுவதில்லை. அவர் செய்தது, சாலையோரத்தில் வசிப்பவர்களையும் திட்டத்தை ஆதரிப்பவர்களையும் அதிகாரிகளையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பேசச் செய்தது. திட்டம் கைவிடப்படும் என்று நம்பி வாக்களித்தவர்களுக்கு அது ஏமாற்றமாகவும் இருந்தது.

9. குறைகள்

தேர்தலைப் போற்றுபவர்கள் எதிர்கொள்ள வேண்டிய சான்றுகள் பல உண்டு. சுகினாமியின் அந்தப் பரபரப்பான தேர்தலிலேயே வாக்குப்பதிவு 37.52 விழுக்காடுதான். வென்றவருக்கு மொத்த வாக்காளர்களில் ஐந்தில் ஒரு பங்கினரின் வாக்குகூடக் கிடைக்கவில்லை. ஷினகவாவில் 2022 அக்டோபர் 2 அன்று ஆறு பேர் போட்டியிட்டார்கள். செல்லும் வாக்குகளில் நான்கில் ஒரு பங்கு என்ற சட்ட வரம்பை ஒருவரும் எட்டவில்லை. டிசம்பர் 4இல் மறுதேர்தல் நடந்து மொரிசாவா க்யோகோ வென்றார்.

பதவியில் இருப்பவரை அசைப்பதும் எளிதன்று. எடோகவாவில் நகாசாத்தோ கிஇச்சி 1964இல் மன்றத் தெரிவில் வந்து, நேரடித் தேர்தல் திரும்பிய பின்னும் வென்று, 1999 வரை தலைவராக நீடித்தார். தேர்தல் முறை மாறினாலும் ஆள் மாறாமல் இருக்கலாம் என்பதற்கு அவர் சான்று.

மக்கள் தலைவரையும் மன்றத்தையும் தனித்தனியே தேர்ந்தெடுப்பதால் மோதலும் வரும். அடாச்சியில் 1996இல் வட்டத்தின் ஹோட்டல் திட்டத்தை எதிர்த்து வென்ற கம்யூனிஸ்ட் யோஷிதா மன்சோ, மன்றத்தில் பெரும்பான்மை இல்லாமல் திணறி, நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் 1999இல் பதவி இழந்தார். தேர்தலே கெட்டுப்போவதும் உண்டு. கோத்தோவில் 2023 ஏப்ரலில் வென்ற கிமுரா யாயோய், சட்டம் தடை செய்த கட்டண இணைய விளம்பர விவகாரத்தில் அதே ஆண்டு நவம்பரில் விலகினார். அதே தேர்தல் தொடர்பாக, நீதித் துறை இணையமைச்சராக இருந்த கக்கிசாவா மித்தோ வாக்குக்குப் பணம் கொடுத்த குற்றத்துக்காக 2024இல் தண்டிக்கப்பட்டார். 1957இல் ஷிபுயா மன்றத்துக்குள் புகுந்த பணம் நேரடித் தேர்தலாலும் முற்றாக வெளியேறவில்லை.

வெளிநாட்டுக் குடிமக்களுக்கு வாக்கே இல்லை. நிரந்தர வசிப்பிட உரிமை பெற்றவர்களுக்கு உள்ளாட்சி வாக்குரிமை வழங்க அரசியலமைப்பில் தடையில்லை என்று உச்ச நீதிமன்றம் 1995இல் கூறியது. நாடாளுமன்றம் அதற்கான சட்டம் இயற்றவில்லை. இந்தியர்கள் பலர் வாழும் எடோகவாவின் மேற்குக் கசாயில், வட்டத்துக்கு வரி கட்டியும் வட்டத் தலைவரைத் தேர்ந்தெடுக்க முடியாத குடும்பங்கள் ஏராளம்.

10. ஒசாகாவின் மறுப்பு

ஜப்பானின் பிற பெருநகரங்களில் நிலை வேறு. ஒசாகா மாநகராட்சியில் 24 வட்டங்கள் உள்ளன. அவற்றின் தலைவர்கள் மேயரால் நியமிக்கப்படுபவர்கள். மாநகராட்சியைக் கலைத்து, டோக்கியோ பாணியில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களைக் கொண்ட சிறப்பு வட்டங்களை அமைக்கும் யோசனையை மக்களே வாக்கெடுப்பில் இருமுறை நிராகரித்தார்கள். 2015இல் வித்தியாசம் 10,741 வாக்குகள்; 2020இல் 17,167.

வட்ட அளவிலான தேர்தலில் மக்களுக்கு ஆர்வமில்லை என்பதற்கு இது சான்றாகக் காட்டப்படுவதுண்டு. ஆனால் ஒசாகா மக்கள் முன் வைக்கப்பட்ட பேரத்தைக் கவனிக்க வேண்டும். வட்டத் தலைவர் தேர்தலுக்கு விலையாகத் தங்கள் மாநகராட்சியையும் அதன் வரி அதிகாரத்தில் பெரும்பகுதியையும் மாகாணத்துக்குக் கொடுக்க வேண்டும். அவர்கள் மறுத்தது அந்த விலையை. டோக்கியோ 1943இல் மக்களிடம் கேட்கப்படாமலேயே இழந்ததை ஒசாகா மக்கள் வாக்களித்துக் காத்துக்கொண்டார்கள் என்று வாசிப்பதே சான்றுகளுக்கு நெருக்கமானது.

11. முடிவுகள்

மூன்று முடிவுகளுக்கு வரலாம். முதலாவதாக, அதிகாரம் வந்த பிறகே தேர்தல் என்ற வரிசையை டோக்கியோவின் அனுபவம் ஆதரிக்கவில்லை. 1965 மாற்றம் ஒரு விலக்கு. 1975, 2000, 2016 ஆகிய பெரிய மாற்றங்கள் மூன்றும் வாக்குக் கேட்ட மக்களாலும் வாக்குப் பெற்ற தலைவர்களாலும் வந்தவை.

இரண்டாவதாக, அந்த வாக்குக்கு அரசியலமைப்பின் காப்பு இல்லை. 1963 தீர்ப்பு நிற்கும்வரை வட்டத் தலைவர் தேர்தல் சாதாரணச் சட்டத்தையே நம்பியிருக்கிறது. 2000த்துக்குப் பின் வட்டங்கள் அடைந்திருக்கும் நிலையில், நீதிமன்றத்தின் சொந்த அளவுகோலாலேயே அந்தத் தீர்ப்பை மறுபரிசீலனை செய்ய வலுவான காரணம் உண்டு.

மூன்றாவதாக, தேர்தலின் எல்லையை இன்று வகுப்பது நிதி. சொத்து வரியும் நிறுவனங்கள் மீதான குடியிருப்பு வரியும் பிற நகரங்களில் நகராட்சிக்குப் போகின்றன. டோக்கியோ வட்டங்களில் அவற்றைப் பெருநகர அரசு வசூலித்துப் பங்கிடுகிறது. வட்டங்களின் பங்கு 2000இல் 52 விழுக்காடு. 2007இல் 55 ஆனது. அதன் பிறகு சிறிதளவே நகர்ந்தது. இந்தப் பங்கீட்டைப் பேசும் குழுவில் பெருநகரத் தரப்பில் எட்டுப் பேரும் வட்டத் தலைவர்கள் எட்டுப் பேரும் அமர்கிறார்கள். மதிய உணவும் சிறுவர் மையமும் தேர்தல் மேடையில் விவாதிக்கப்படும் அளவுக்கு, அவற்றுக்கான பணத்தை நிர்ணயிக்கும் இந்தப் பேச்சு விவாதிக்கப்படுவதில்லை. அடுத்த வட்டத் தலைவர் தேர்தல்களில் வேட்பாளர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்த எட்டு நாற்காலிகளில் ஒன்று கிடைத்தால் எவ்வளவு பங்கைக் கேட்பீர்கள், எந்த வேலைக்காகக் கேட்பீர்கள் என்பதே.